ஐஸ் பெட்டி இருந்த இருக்கை

டிசம்பர் 20, சனிக்கிழமை. மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் அடுக்குமாடியை விட்டுப் பிற்பகல் 2.15க்குப் புறப்பட்டோம். வெளியே சைபருக்குக் கீழே பதினேழு பாகை. என் மனைவி யோகம் பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று மூன்றாம் தடவை பார்க்கப் போனாள். விமானம் மாலை 5.40க்கு. லொஸ் ஏஞ்சலிஸ் வழியாகச் சிட்னி.

அவுஸ்திரேலியா போய் வந்தவர்கள் எழுதுவதை நான் நிறையவே வாசித்திருக்கிறேன். கடற்கரை, கங்காரு, கடலோர வீதி. அவையெல்லாம் இக்கட்டுரையிலும் வரும். ஆனால் நான் அவற்றைப் பார்க்கப் போகவில்லை. என் தம்பி குலத்திடம் ஒரு கேள்வி கேட்கப் போனேன்.

முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் நான் யாழ்ப்பாணத்தை விட்டு மொன்றியலுக்கு வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அதன்பின் நாங்கள் நேரில் கண்டதில்லை. நான் வந்து ஆறு ஆண்டு கழித்து அவனையும் இங்கே எடுப்பதற்கு எல்லா ஏற்பாடும் செய்தேன். கொழும்பில், மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்து அதிகாரி ஒருவருடன் நேர்காணலும் நடந்தது. ஐந்து வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நாலு வரி. "அண்ணை, யோசித்துப் பார்த்தேன். குளிர் எனக்கு ஒத்துவராது. நான் அவுஸ்திரேலியா போகிறேன். கோபிக்க வேண்டாம்."

கோபித்தேன். முப்பத்தொரு ஆண்டு கோபித்தேன். குளிர் ஒத்துவராதாம்! எனக்கு மட்டும் ஒத்துவந்ததா? நாங்கள் பேசாமல் விட்டதில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம். மழை, கிரிக்கெட், இரத்த அழுத்தம். கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது. இந்த ஆண்டு எனக்கு அறுபத்தேழு முடிந்தது. கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம் வந்தது. அதனால்தான் பயணச்சீட்டு எடுத்தேன்.

டிசம்பர் 22, திங்கட்கிழமை. காலை 8.35க்குச் சிட்னியில் இறங்கினோம். வெளியே வரும்போது கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தலை நரைத்த ஒருவன் அழுதுகொண்டு நின்றான். அவன்தான் குலம் என்று யோகம் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. கட்டிப் பிடித்தோம். நானும் அழுதேன்.

பத்து நிமிடத்தில் அவன் திட்டத்தைச் சொன்னான். அவன் ஒரு கட்டடக் கம்பனியில் வரைபடம் கீறுபவன். கம்பனி கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் பூட்டு. எனவே புது வருடத்துக்குக் கடலோர வீதியால் தெற்கே ஈடன் என்னும் ஊர் வரை, ஏறக்குறைய 480 கிலோமீற்றர், போய் வருகிறோம். மூன்று வாகனம், பதின்மூன்று பேர்.

"எனக்கு இடம் பாக்க வேண்டாமடா. உன்னோட இருந்து கதைச்சால் காணும்" என்றேன்.

"கதைப்பம் அண்ணை. பேந்து ஆறுதலாக் கதைப்பம். முதல் கனடாக்காரருக்கு நாங்கள் ஆரெண்டு காட்ட வேணும்."

அந்தப் 'பேந்து', அதாவது அந்தப் 'பிறகு', எட்டு நாளாக வரவில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் ஒவ்வொரு வீட்டில் விருந்து. எட்டு நாளில் எட்டு வீட்டு ஆட்டிறைச்சிக் கறி. ஒவ்வொரு வீட்டிலும் குலம் எனக்குத் தொலைவில் நின்று வேறு யாருக்காவது ஏதாவது பரிமாறிக்கொண்டிருந்தான். நான் பதினாறாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 31, புதன்கிழமை, காலை 6.10. வென்ட்வொர்த்வில்லில் குலத்தின் வீட்டு வாசலில் மூன்று வாகனங்களும் நின்றன. முதலாவது, குலத்தின் பழைய வெள்ளை வான். அதன் பின்பகுதி முழுக்கச் சட்டி, பானை, காஸ் அடுப்பு, கூடாரம், ஒரு மூட்டை அரிசி. முன்னால் இரண்டு இருக்கை. ஒன்றில் குலம். மற்றதில் நீல நிற ஐஸ் பெட்டி, உள்ளே பன்னிரண்டு கிலோ மீன். அதற்கு சீற் பெல்ற்றும் போட்டிருந்தான். இரண்டாவது வாகனத்தை ஓட்டுபவர் குலத்தின் மச்சான் நந்தன், அதாவது அவன் மனைவி சுகியின் தமையன். வாங்கி நாலு மாதமான ஏழு இருக்கைக் கார். மூன்றாவதை சுகி ஓட்டினாள். பிள்ளைகளும் மற்றவர்களும் அதில்.

நான் நேரே வானுக்குப் போனேன். "நான் உன்னோட வாறன்."

"உதுக்குள்ளையோ? அண்ணை, உது வேலை வான். குலுக்கியெடுக்கும். நந்தன்ரை காரில சீற்றே முதுகு பிடிச்சு விடும்."

"எனக்கு ஒருத்தரும் முதுகு பிடிக்க வேண்டாம். அந்தப் பெட்டியைப் பின்னால போடு."

"பின்னால ஏசி இல்லை. இண்டைக்கு முப்பத்தாறு பாகை. மீன் பழுதாப் போடும்."

நந்தன் ஓடி வந்தார். "அண்ணை, என்ன நீங்கள்? உங்களுக்கெண்டு முன்சீற்றைத் துடைச்சு வைச்சிருக்கிறன். வாங்கோ."

யோகம் என் கையைப் பிடித்து மெல்லச் சொன்னாள். "ஏறுங்கோவனப்பா. மரியாதைக்குக் கூப்பிடினம்."

இந்த மரியாதையைப் பற்றி நான் கொஞ்சம் எழுத வேண்டும். எங்கள் ஆட்களிடம் விருந்தினர் வந்தால் அவருக்கு நல்ல வாகனம், முன் இருக்கை, கவனமாக ஓட்டும் ஆள். சொந்தக்காரன் சட்டி பானையோடு பின்னால் வருவான். வந்தவர் யாரைப் பார்க்க வந்தாரோ அவரோடு இருக்க விடமாட்டார்கள். கனடாவிலும் நாங்கள் இதைத்தான் செய்கிறோம். எத்தனை பேருக்கு நானும் செய்திருப்பேன் என்று அன்றுதான் நினைத்தேன். ஏறினேன். மீனுக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

காலை 8.40. கியாமா, 121 கிலோமீற்றர். இங்கே பாறையில் ஒரு துளை உண்டு. கடல் கீழே அடித்தால் நீர் துளையால் மேலே பீறிடும் என்கிறார்கள். கார் நிறுத்த இடம் தேடி ஐம்பத்தைந்து நிமிடம் ஊரைச் சுற்றினோம். பிறகு வேலிக்குப் பக்கத்தில் பதினெட்டு நிமிடம் நின்றோம். அலை போதாதாம். துளை ஒருதரம் கொட்டாவி விட்டதுபோல் ஒலித்தது. அவ்வளவுதான். ஐஸ்கிறீம் ஒன்று ஏழு டொலர் ஐம்பது சதம். கீழே கடற்கரையில் நூறு கூடாரத்துக்குக் குறையாது. பாதிக்கு மேல் ஆளில்லை. விடிய ஆறு மணிக்கே வந்து கூடாரத்தை அடித்து இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்களாம். கடலை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஆனால் அதைப் பார்க்க எனக்கு நிற்க இடமில்லை. வாய்விட்டுச் சொன்னேன். நந்தன் மட்டும் கேட்டார்.

நந்தனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். ஆனால் அவருக்குக் காரைத் தவிர வேறு பேச்சு இல்லை. "லேனை விட்டு விலகினால் ஸ்ரியறிங் நடுங்கும், அண்ணை. பாருங்கோ, விலத்திக் காட்டுறன்." விலத்திக் காட்டினார். நடுங்கியது. நானும் நடுங்கினேன்.

முற்பகல் 11.20. வெள்ளை மணலுக்குப் பேர்போன ஹயம்ஸ் கடற்கரைக்குத் திரும்பும் சந்தி. மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் கையைக் காட்டி மறித்தார். உள்ளே இடமில்லை, திரும்பிப் போங்கள் என்றார். "எப்போது வந்தால் இடம் இருக்கும்?" என்று நந்தன் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, "மே மாதத்தில்" என்றார்.

தொலைபேசிக்கு அலை கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால் மூன்று வாகனத்திலும் வோக்கிடோக்கி வைத்திருந்தார்கள். நான் நந்தனிடமிருந்து அதை வாங்கினேன்.

"குலம், நான் கதைக்கிறன். எங்கை நிக்கிறாய்?"

"அண்ணை, கதைச்சு முடியேக்க 'ஓவர்' எண்டு சொல்ல வேணும். ஓவர்."

"என்ன ஓவர்? நீ செய்யிறதுதான் ஓவர். நான் உன்னோட கதைக்க வந்தனான்."

பின்னால் வந்த காரிலிருந்து சுகியின் குரல். "அத்தான், நாங்களும் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறம். ஓவர்."

பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. கருவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிற்பகல் 3.05. உல்லடுல்லா, 229 கிலோமீற்றர். மோட்டல் அறை ஒன்று இரவுக்கு 389 டொலர். மே மாதத்தில் என்ன விலை என்று வரவேற்பறையில் இருந்த வயதான பெண்ணிடம் கேட்டேன். 150 என்று தயங்காமல் சொன்னார். அதே கட்டில், அதே மெத்தை, அதே ஒழுகும் குழாய். நாட்காட்டியில் எண் மாறியதற்கு 239 டொலர்! அநியாயம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். ஆம் என்றார்.

எங்கள் பக்கத்து அநியாயத்தையும் எழுதாவிட்டால் நான் பொய்யன். எடுத்தது இரண்டு அறை. அறைக்கு நாலு பேர் என்று கணக்கு. நாங்கள் பதின்மூன்று பேர். போதாததற்கு அறைக்குள்ளேயே மீன் பொரித்தார்கள். புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி ஒன்றைப் போட்டுவிட்டிருந்தாள் சுகி. ஏழு மணிக்கு அந்தப் பெண் கதவைத் தட்டினார். உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார்.

"சொந்தக்காரர் சிலர் சாப்பிட வந்திருக்கிறார்கள்" என்றான் குலம்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "தலையணையோடா?"

நான் வெட்கத்தில் வெளியே போய் நின்றேன். குலம் அவருக்கு ஒரு தட்டில் பொரித்த மீன் கொடுத்தனுப்பினான். அவர் மறுக்கவில்லை. புது வருடம் பிறந்தபோது துறைமுகத்தில் வாணவேடிக்கை நடந்தது. குலத்தைத் தேடினேன். அறையின் பின்பக்கத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தான். "இப்பவாவது வாடா" என்றேன். "இந்த எண்ணெய்ச் சட்டி காஞ்சால் போகாது, அண்ணை. நீங்கள் போய்ப் பாருங்கோ" என்றான். முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு நாங்கள் ஓர் ஊரில் இருந்த முதல் புது வருடம் அது.

ஜனவரி 1, வியாழக்கிழமை. உல்லடுல்லாவுக்குத் தெற்கே வீதியின் இருபுறமும் புள்ளி விழுந்த பட்டையுள்ள உயரமான மரங்கள். சில ஆண்டுகளுக்கு முன் பெரிய காட்டுத்தீ இந்தப் பக்கமெல்லாம் வந்துபோனது. அடிமரம் இன்னும் கரியாகவே நிற்கிறது. ஆனால் கரிக்குள்ளிருந்து இலை தளிர்த்திருக்கிறது, கிளையிலிருந்து அல்ல, நேரே அடிமரத்திலிருந்து. இந்த ஒன்றைப் பார்த்தபோது மட்டும் என் வாய் ஓய்ந்தது. நந்தனின் காருக்கும் அது பிடித்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை.

நரூமா, 348 கிலோமீற்றர், மதியம் 12.30. கடல் ஊருக்குள் வாய்க்கால்போல் நுழைகிறது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி. அலைதடுப்புக் கற்களில் கடல்நாய்கள் படுத்துக் கிடந்தன. அவற்றுக்கு மட்டும் யாரும் இடம் பிடித்து வைக்கத் தேவையில்லை. கரையில் ஒரு மேசை கிடைத்தது. சோறும் கணவாய்க் கறியும் பகிர்ந்து முடிய, குலம் என் எதிரே வந்து அமர்ந்தான். இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினேன். அவன் மேசையில் தலையை வைத்தான். நித்திரையாகிவிட்டான். பத்து நாள் அலைச்சல். ஐம்பத்தொன்பது வயது. நான் ஈக்களை விரட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் இருந்தேன். எழுப்ப மனம் வரவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

ஜனவரி 2, 3. ஈடன். முன்காலத்தில் திமிங்கில வேட்டை நடந்த ஊர். ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். படகுத்துறையில் மாலை ஐந்து மணிக்கு குலம் தனியாக நிற்பதைக் கண்டேன். கெதியாக நடந்தேன். "குலம், உன்னட்டை ஒண்டு கேக்க வேணும்" என்று தொடங்கினேன். அவன் என் தோளுக்கு மேலால் பார்த்துக் கையை உயர்த்தி, "நந்தன், இஞ்சை வாரும்! அண்ணைக்கு அந்தப் படகைக் காட்டும்" என்று கூப்பிட்டான். நந்தன் ஒரு நூறு மீற்றர் தள்ளி நின்றார். கூப்பிட்டிருக்காவிட்டால் வந்திருக்க மாட்டார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கூட்டம் எங்களைப் பிரிக்கவில்லை. இவன் கூட்டத்தைக் கூட்டி வைத்திருக்கிறான்.

ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. காலை 7.05க்கு ஈடனை விட்டுத் திரும்பினோம். வடக்கே போகும் வீதியில் நாடே திரும்பிக்கொண்டிருந்தது. கார் இழுக்கும் சக்கர வீடான கரவன், கரவனுக்குப் பின்னால் படகு, படகுக்கு மேலே சைக்கிள். 10.25க்கு பேற்மன்ஸ் பே என்ற ஊரில் பெற்றோல் அடிக்க நிறுத்தினார்கள்.

குலம் காசு கட்ட உள்ளே போனான். நான் வானின் கதவைத் திறந்தேன். ஐஸ் பெட்டியின் சீற் பெல்ற்றைக் கழற்றினேன். இரண்டு கையாலும் தூக்கி, நடந்து போய், நந்தனின் காரில் என் இருக்கையில் வைத்தேன். பெல்ற்றும் போட்டுவிட்டேன். மீன் தண்ணீர் கொஞ்சம் தோலில் ஊற்றிவிட்டது.

"அண்ணை! என்ன செய்யிறியள்?" நந்தனுக்குக் குரல் கம்மியது.

"அதுக்கு முதுகு பிடிச்சு விடும், நந்தன்."

யோகம் பின் இருக்கையிலிருந்து, "உங்களுக்கு விசரே?" என்றாள். நான் வானில் ஏறிக் கதவைச் சாத்தினேன். குலம் வந்து என்னைப் பார்த்தான். வானை எடுத்தான்.

முற்பகல் 11.20. உல்லடுல்லாவுக்கு ஐந்து கிலோமீற்றர் தெற்கே பறல் லேக் என்ற இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் மில்ற்றன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நெடுஞ்சாலையே அதன் ஒரே கடைத்தெரு வழியாகத்தான் போகிறது. தெற்குக் கரையிலிருந்து திரும்பும் முழுச் சனமும் அந்தத் தெருவால் வடிய வேண்டும். எங்களுக்கு முன்னால் பச்சை நிறக் கரவன் ஒன்று. அதன் பின் கண்ணாடியில் இரண்டு பிள்ளைகள் எங்களுக்கு நாக்கு நீட்டினார்கள்.

"ஏன் வரேல்லை?" என்று கேட்டேன்.

"எங்கை?"

"மொன்றியலுக்கு."

அவன் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தான். "அண்ணை, உதைப் பேந்து..."

"பேந்து இல்லை. புதன்கிழமை எனக்குப் பிளேன்."

வாகனம் நாலு மீற்றர் நகர்ந்து நின்றது. "பெட்டியைப் பின்னால வைச்சிருக்கலாம்" என்றான். "பின்னாலயும் ஏசி வரும்."

"தெரியும்" என்றேன். "ஏன் வரேல்லை? குளிர் எண்டு பொய் சொல்லாதை. இந்த நாட்டில நீ பனிச்சறுக்குப் பாக்கப் போன படத்தை நீயே எனக்கு அனுப்பினனீ."

ஸ்ரியறிங்கில் விரலால் தட்டினான். பிறகு, "அந்தக் கசெற்று பன்ரண்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கே?" என்றான்.

இருந்தது. கியூபெக்குக்கு வர வேண்டுமென்றால் நேர்காணலில் பிரெஞ்சு பேச வேண்டும் என்றார்கள். கொழும்பில் பிரெஞ்சு வகுப்புக்குப் போக அவனுக்கு வசதியில்லை. நான் அப்போது நகர மையத்தில் ஓர் உணவகக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் பிரெஞ்சு அந்தக் குசினியில் கற்றது. ஹெயிட்டிக்காரச் சமையல்காரர் ஒருவர், மரக்கறி வெட்டும் போர்த்துக்கேயர் ஒருவர், இவர்களே என் ஆசிரியர்கள். அதை நானே பன்னிரண்டு கசெற்றில் பதிந்து, திகதியும் பாட எண்ணும் எழுதி, குலத்துக்கு அனுப்பினேன். வீட்டில் ஐந்து பேர் ஓர் அறையில் இருந்ததால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பதிவது.

"மூண்டு மாதம் கேட்டு அவ்வளவையும் பாடமாக்கினன்" என்றான் குலம். "நீங்கள் இருமின இடத்தில நானும் இருமுவன்."

"பேந்து?"

"அதிகாரி வந்தார். 'பொன்ஜூர்' எண்டார். அது விளங்கினது. அதோட சரி. அந்த மனுசன் நீங்கள் கதைக்கிற மாதிரிக் கதைக்கேல்லை, அண்ணை. நான் கதைச்சதும் அவருக்கு விளங்கேல்லை. கியூபெக்கில என்ன செய்ய விருப்பம் எண்டு கேட்டிருக்கிறார் போல. நான் ஏழாம் கசெற்றில இருந்து சொன்னன்."

"ஏழாம் கசெற்றில என்ன இருந்தது?"

"'தள்ளி நில்லு, தட்டுச் சூடு.'"

நான் முன்னால் இருந்த கரவனைப் பார்த்தேன். பிள்ளைகள் அலுத்துப்போய் உள்ளே போய்விட்டார்கள்.

"எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாதெண்டு எழுதி மறுத்துப் போட்டினம். நீங்கள் படிப்பிச்ச பிரெஞ்சை மொன்றியலிலயே நாலு பேர்தான் கதைச்சிருப்பினம், அண்ணை. அந்த நாலு பேரும் உங்கட குசினிக்குள்ளதான் நிண்டிருப்பினம்."

"இதை எனக்கு எழுதியிருக்கலாமே!"

"எப்பிடி எழுதுறது? ரெண்டு வேலை செய்து போட்டு வந்து பதிஞ்சனீங்கள். கசெற்று முழுக்கக் குழாய் சொட்டுற சத்தம். ஒரு இடத்தில நித்திரையாப் போனியள், பத்து நிமிசம் குறட்டை. அதையும் கேட்டனான். அதுக்குப் பிறகு, உங்கட பிரெஞ்சாலதான் என்னைத் தட்டினவங்கள் எண்டு எழுதச் சொல்லுறியளே? குளிர் எண்டு எழுதினன். குளிருக்கு மனம் நோகாதுதானே."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும் என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். வந்தது கோபம். அதுவரை அந்தப் பயணத்தில் வந்த கோபமெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இதற்காகவா முப்பத்தொரு ஆண்டு! இவன் என்னை மதிக்கவில்லை என்று நினைத்து நான் இவன் கல்யாணத்துக்குப் போகவில்லை. பயணச்சீட்டுக்கு வழியில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். வழி இருந்தது. இவன் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, என் தோளுக்கு மேல் உயர்ந்துவிட்டார்கள். ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் போதும்.

அதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"என்ரை பிரெஞ்சுக்கு என்ன குறை?" என்று கத்தினேன். "முப்பத்தேழு வருசமா அதை வைச்சுத்தானே சீவிக்கிறன்?"

"ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு அது சோறு போட்டது. எனக்கு விசாதான் போடேல்லை."

பக்கத்து வரிசையில் எதிரே வந்த காரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குலம் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. நான் சிரிக்கவில்லை. ஒரு கிலோமீற்றருக்கு, அதாவது இருபது நிமிடத்துக்கு, சிரிக்காமல் இருந்தேன். பிறகு அந்த அதிகாரியின் முகத்தை நினைத்தேன். கழுத்துப்பட்டி கட்டி, கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் மெலிந்த யாழ்ப்பாணத்துப் பையன் தட்டுச் சூடு என்று எச்சரிப்பதைக் கேட்கும் முகம். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஞாபகம் இருக்கு" என்றான். "மூண்டாம் கசெற்று."

சொன்னான். தன் பெயர், வயது, ஊர். பிறகு, "மோன் ஃப்ரேர் அபித் ஆ மொன்றேயால்." என் அண்ணா மொன்றியலில் வசிக்கிறார். அது என் குரல். என் வயது முப்பத்தாறில் இருந்த குரல், என் அழுத்தம், நான் மூச்சு விட்ட இடத்தில் அவனும் விட்டான். வசனத்தின் முடிவில் ஒரு சின்ன இருமலும் இருமினான்.

பறல் லேக்கிலிருந்து மில்ற்றனுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர். இரண்டு மணி இருபது நிமிடம் எடுத்தது. கியூபெக்கில் யூலை மாதம் கட்டட வேலைக்காரர் எல்லாரும் ஒரே நாளில் விடுமுறை எடுத்து வீதியில் இறங்கும்போது, பாலத்தில் நின்று நான் திட்டாத திட்டு இல்லை. மில்ற்றனில் பிற்பகல் 1.40க்கு அந்தக் கடைத்தெரு முடிந்து வீதி திறந்தது. குலம் வேகத்தைக் கூட்டினான். வீதி திறந்துவிட்டதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எரிச்சல் வந்தது.

"மெல்லப் போ" என்றேன். "எனக்குப் பன்ரண்டு கசெற்றும் கேக்க வேணும்."

யோகத்துக்கு அன்று மாலை சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குக் கார் ஓடப் பழக்கினதும் நீங்கள்தானே. நாலுதரம் பெயில்" என்றாள்.

ஜனவரி 7, புதன்கிழமை. காலை 10.00க்குச் சிட்னியை விட்டுப் புறப்பட்டு, திகதிக்கோட்டைத் தாண்டி, அதே ஜனவரி 7, பிற்பகல் 4.20க்கு மொன்றியலில் இறங்கினோம். யன்னலால் பார்த்தபோது ஓடுபாதைக்கு அப்பால் எல்லாம் வெள்ளை, சூரியன் கீழே போய்விட்டது. சைபருக்குக் கீழே பத்தொன்பது.

குடிவரவு மேசையில் ஓர் இளம் பெண் இருந்தார். "பொன்ஜூர், ஹாய்" என்றார். நான் பிரெஞ்சில், அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறோம், தம்பியைப் பார்க்கப் போனோம் என்றேன். அவர் ஆங்கிலத்தில், எத்தனை நாள் தங்கினீர்கள் என்று கேட்டார்.

முப்பத்தேழு ஆண்டாக இந்த நகரத்தில் இது நடக்கிறது. கடையில், வங்கியில், வைத்தியசாலையில். நான் பிரெஞ்சில் தொடங்குவேன், அவர்கள் என் இரண்டாவது சொல்லிலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உதவி என்று நினைத்து நானும் மாறிவிடுவேன். அன்று நான் மாறவில்லை. பதினாறு நாள் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் மறுபடியும் ஆங்கிலத்தில், உணவுப் பொருள் ஏதாவது கொண்டுவந்தீர்களா என்றார். மறுபடியும் பிரெஞ்சில், இல்லை என்றேன்.

"இங்கிலீசில சொல்லுங்கோவன், பின்னால சனம் நிக்குது" என்றாள் யோகம்.

"நிக்கட்டும்."

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு. இம்முறை பிரெஞ்சில் கேட்டார், மெதுவாக, கொஞ்சம் கேலியாக: "அங்கே உங்கள் தம்பியும் பிரெஞ்சுதான் பேசுவாரா?"

"பேசுவான்" என்றேன். "நான்தான் படிப்பித்தேன்."